அத்தை சொன்ன தோத்திரம்

அத்தியாயம் பதினேழு

மன்னிப்பிலும் அருவருப்பான ஒரு வகை உண்டு என்பது இந்தக் கதையை எழுதத் தொடங்கும்வரை எனக்குத் தெரியாது.

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கும். சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி சொல்லும் நேரத்தில் பெரிய மருமகள் எழுந்து நின்றாள். கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "எங்க அத்தைக்கு முதுகுக்குக் கீழ படுக்கைப்புண் வந்திருச்சு. சின்னவ வீட்டுல இருந்த மாசத்துல, சரியா கவனிக்காம விட்டதுல வந்தது. ஆனா ஆண்டவர் என்கூடப் பேசினார். அவளை நான் முழு மனசோட மன்னிச்சுட்டேன்" என்று மைக்கில் சொன்னாள். சபை அல்லேலூயா போட்டது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சின்ன மருமகள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

யாரும் கேட்காத மன்னிப்பு. அதுவும் சின்னவள் செய்யாத தப்புக்கு.

"பெரியவளும் பாவம்தானே, அவளை ஏன் இப்படிக் கரித்துக் கொட்டுகிறீர்கள்?" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, இந்த வாரத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அத்தைக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: தோத்திரம். சபைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் சொல்வதும், ஆண்டவரைத் துதிக்கும்போது சொல்வதும் அதே சொல்தான். அத்தைக்கு இரண்டு மகன்கள். ஒரு மாதம் பெரியவன் வீடு, ஒரு மாதம் சின்னவன் வீடு என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். புண் வந்தது பெரியவள் முறையில். சின்னவள் வீட்டுக்குப் போய் இறங்கிய அன்று மாலையே அவள் அதைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டுச் சொன்னாள். "நான் அனுப்பும்போது இல்லையே" என்று பெரியவள் வாய் கூசாமல் சொன்னாள். இப்போது அத்தை மறுபடியும் பெரியவள் வீட்டில்.

இந்தச் சனிக்கிழமை நாலு மணிக்குப் போதகர் இரண்டு மருமகள்களையும் வரச் சொல்லியிருக்கிறார். சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. சின்னவள் அதற்கென்றே எட்டு மாதம் பயிற்சி முடித்தவள். கையில் வந்த மாதிரி இருந்த வேலை. மாமியாருக்குப் புண் வரவிட்டு மன்னிக்கப்பட்டவள் என்று பெயர் வாங்கிய பிறகு, அவளை நம்பி வயதானவர்களை யார் ஒப்படைப்பார்கள்? அதை முடிவு செய்யத்தான் அந்த நாலு மணி.

*

காலை ஒன்பது மணிக்குப் புண் கட்டும் நர்ஸ் வந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறவள். சபைக்காரி இல்லை. மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுகிற ரகம்.

பெரியவள் வழக்கம்போல அறை வாசலோடு நின்றுகொண்டாள். நர்ஸ் வருகிற நேரத்தில் மட்டும் அவளுக்கு அடுப்பில் ஏதாவது பொங்கும், இல்லாவிட்டால் போன் வரும்.

"இன்னிக்கு நீங்க உள்ள வரணும்மா. என் மணிக்கட்டு சுளுக்கிருச்சு. ஒத்தைக் கையால அவங்களைச் சாய்ச்சுப் பிடிக்க முடியாது."

"நானா? எனக்கு அதையெல்லாம் பாத்தா மயக்கம் வந்துரும்."

"நீங்க ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல மேற்பார்வைன்னு சார் சொன்னாரே? நாங்க ஊத்திவிடுறதையெல்லாம் நீங்கதானே துவைக்கிறீங்க?"

உண்மைதான். பதினெட்டு வருஷமாகப் பெரியவளுக்கு அதுதான் வேலை. வண்டி வண்டியாக வந்து இறங்கும் விரிப்புகளில் ஒரு கறையைப் பார்த்தால் இது ரத்தமா, சீழா, மருந்தா, எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவாள். அங்கே எல்லாரும் அவளைக் 'கறை டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். ஆனால் துணிக்கு முகம் கிடையாது. துணி திரும்பிப் பார்க்காது. மாமியார் பார்ப்பாள்.

"லைட்டைப் போடுங்க."

"பல்பு போயிருச்சு."

"எப்போ?"

"நாலு மாசம் இருக்கும்."

நர்ஸ் ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, அதுவும் போதாமல், பெரியவளின் போனை வாங்கி அதன் டார்ச்சைப் போட்டு அலமாரி மேல் சாய்த்து வைத்தாள். பெரியவளின் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். சபையில் லிஃப்ட்டண்ணன் என்றால் தெரியாதவர் இல்லை. ஊரில் உள்ள லிஃப்டுக்கெல்லாம் பல்பு மாட்டுகிற மனுஷனுக்குத் தன் அம்மா அறைக்கு ஒன்று மாட்ட நேரம் கிடைக்கவில்லை. பெரியவளும் நினைவுபடுத்தவில்லை. இருட்டாக இருந்தது அவளுக்கு வசதியாக இருந்தது.

அத்தையை இடது பக்கம் சாய்த்துப் பிடித்தாள். நர்ஸ் பழைய கட்டைப் பிரித்தாள்.

வாடை முதலில் வந்தது. மூடி வைத்த பாத்திரத்தில் மறந்துபோன இறைச்சியின் வாடை. பிறகு புண். உள்ளங்கை அகலம். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் குழி விழுந்து, குழிக்குள் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இதைப் பூசி மெழுகி எழுதினால் நானும் சாட்சி சொன்னவள் கணக்கில்தான் சேருவேன்.

பெரியவள் அதை முதல் முறையாகப் பார்த்தாள். இத்தனை நாள் அதைப் பற்றிப் பேசினாள், அதற்காகக் கண்ணைத் துடைத்தாள், ஜெபக் குறிப்பு கொடுத்தாள், மன்னிக்கவும் செய்தாள். பார்த்தது கிடையாது.

சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் அவளுக்கு ஒரு படம் கொடுத்தார்கள். இயேசு ஒரு குஷ்டரோகியின் தோளில் கை வைத்திருக்கிற படம். கலர் அடிக்கச் சொன்னார்கள். புண்ணுக்கு ரோஜா நிறம் அடித்தாள், அழகாக இருந்தது என்று டீச்சர் சுவரில் ஒட்டினார். இந்த வாடையில் நிற்கும்போது அந்தப் படம் ஞாபகம் வந்து தொலைத்தது. அவர் தொட்டபோதும் இப்படித்தானே வீசியிருக்கும் என்று நினைத்தாள். அவளுக்குத் தன் ரோஜா நிறத்தின் மேல் எரிச்சல் வந்தது.

நர்ஸ் உப்புத் தண்ணீரை ஊற்றினாள்.

"தோத்திரம்!" என்றாள் அத்தை. "தோத்திரம்! தோத்திரம்! தோத்..."

"என்னம்மா சொல்றாங்க? யாரு பேரு அது?"

"பேரு இல்ல. ஆண்டவரைத் துதிக்கிறாங்க."

நர்ஸின் கை நின்றது. "துதிக்கிறாங்களா?"

"எங்க அத்தை அப்படித்தான். எவ்வளவு வேதனை வந்தாலும் வாயில துதிதான் வரும். எங்க போதகர் கூட இதை வச்சுப் பிரசங்கம் பண்ணாரு."

"அம்மா, நான் ரணத்துல உப்புத் தண்ணி ஊத்துறேன். அவங்க வலியில கத்துறாங்க."

பெரியவள் அத்தையின் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

"இந்த வாதம் வந்தவங்களுக்கு சிலருக்கு ஒரே வார்த்தைதான் நிக்கும். மனசுல என்ன நினைச்சாலும் வாயில அதுதான் வரும். நான் பாத்த ஒருத்தர் எல்லாத்துக்கும் 'திங்கக்கிழமை'ம்பாரு. பசின்னாலும் திங்கக்கிழமை, பொண்டாட்டியைக் கூப்பிடுறதுக்கும் திங்கக்கிழமை. சத்தத்தை வச்சுத்தான் புரிஞ்சுக்கணும். இப்பப் பாருங்க."

நர்ஸ் புண்ணை மூடிக் கட்டிவிட்டு, அத்தையின் வாயில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டாள். "தோத்திரம்" என்று அத்தை மெல்ல, இழுத்துச் சொன்னாள்.

"இது தண்ணி நல்லாருக்குன்னு. முன்னாடி சொன்னது விட்டுருன்னு. ரெண்டும் ஒண்ணா? அஞ்சு மாசமா பாத்துக்கிறீங்க, இது கூடவா தெரியல?"

பெரியவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஏனென்றால் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அத்தை முதல் முறை இவள் வீட்டில் இருந்த மாதத்தில், தினமும் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அவள் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். உள்ளே இருட்டு அறையிலிருந்து "தோத்திரம்" என்று வரும். இவள் இடத்தை விட்டு அசையாமல் "ஆமென்" என்பாள். மறுபடியும் கொஞ்சம் சத்தமாக "தோத்திரம்!" வரும். இவளும் கொஞ்சம் சத்தமாக "ஆமென் அத்தை!" என்பாள். சில நாள் இருபது முறை, முப்பது முறை. அப்புறம் அடங்கிவிடும். அத்தை சமாதானமாகத் தூங்கிவிட்டாள் என்று டிவி சத்தத்தைக் குறைப்பாள்.

திருப்பிப் படுக்க வை என்று ஒரு கிழவி கதறியிருக்கிறாள். அதற்கு இவள் ஆமென் போட்டிருக்கிறாள். தூ!

"இப்போ மணி பத்து" என்றாள் நர்ஸ் கிளம்பும்போது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்தணும். இழுக்கக் கூடாது, தோல் உரிஞ்சிரும். ரெண்டு பேரா தூக்கி வைக்கிறது நல்லது. மறந்துறாதீங்க."

*

பன்னிரண்டு மணிக்குப் பெரியவள் தனியாகவே திருப்பினாள். ஒரு கையை அத்தையின் தோளுக்கு அடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கினாள். முகம் முகத்துக்கு அருகில் வந்தது.

இந்த முகத்தைப் பெரியவள் நேசித்ததில்லை. அதையும் மறைப்பானேன்? கல்யாணமாகி வந்த புதிதில், அவள் தண்ணீர் குடித்து வைத்த டம்ளரை மாமியார் எடுத்துப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். "ஆஸ்பத்திரி அழுக்கு கையிலயே இருக்கும்ல" என்றாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு வருஷம். அதே கை இப்போது தன் இடுப்புக்கு அடியில் இருப்பது அத்தைக்குத் தெரியும்.

முதல் முறை மாதத்தில் பெரியவள் மனதின் ஓரத்தில் ஒரு சின்னக் குரல் பேசியது. என் கை அழுக்குன்னீங்களே, இப்போ அழுக்குக் கை படாமலே படுத்திருங்க. அந்தக் குரலை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜெபத்தில் கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு அதைத் தானே கேட்டாள். புண்ணைப் பார்த்ததைவிட அதிகமாகக் குமட்டியது.

குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து தலையணையைச் சரிசெய்தாள்.

"வசதியா இருக்கா அத்தை?"

"தோத்திரம்" என்றாள் அத்தை. அதில் வசதி இல்லை. தலையணையை இன்னும் ஒரு விரற்கடை இறக்கினாள். "தோத்திரம்." இப்போது குரல் தணிந்திருந்தது. இவ்வளவு சுலபமாக இருந்ததா இது?

அவள் சபையில் வெளிச்சம் வெளிச்சம் என்று பாடாத ஞாயிறு கிடையாது. வெளிச்சத்தில் நடக்கிறவர்கள் என்றால் நாம்தான் என்று ஒரு நினைப்பு. இன்றைக்கு ஒரு போன் டார்ச் வெளிச்சத்தில் அவள் பார்த்த ஒரே அசிங்கம் அவள்தான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஆண்டவரிடம் கேட்டாள். கேட்டபோதே பதில் தெரிந்திருந்தது. பதில் தெரிந்துகொண்டே மறுபடி மறுபடி கேட்பது தப்பித்துக்கொள்கிற வழி என்பதும் தெரிந்திருந்தது.

*

ஒரு மணிக்கு லிஃப்ட்டண்ணன் சாப்பிட வந்தார். சாப்பிடும்வரை பொறுத்துவிட்டு, காலையில் நர்ஸ் சொன்னதைப் பெரியவள் சொன்னாள். புண் எந்த வீட்டில் வந்தது என்பதையும் சொன்னாள்.

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். குழாயை மூடவே இல்லை.

"நாலு மணிக்கு அங்க போய் எதுவும் உளறாத."

"அவளோட வேலைங்க."

"அவளுக்கு வேற வேலை கிடைக்கும். பயிற்சி முடிச்சிருக்கா. நீ மன்னிச்சாச்சுன்னு மட்டும் சொல்லு, அதோட முடியட்டும். அந்த ஆடியோ மூணு சபைக்குப் போயிருக்கு, தெரியும்ல?"

ஆடியோ விஷயம் இதுதான். அம்மா வேதனையிலும் துதிக்கிறாளே என்று அவர் உருகிப்போய், நாற்பது வினாடி போனில் பதிவு செய்து சபைக் குழுவில் போட்டார். போதகர் அதை ஆராதனையில் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். ஜனங்கள் அழுதார்கள். "நம்ம வாயில இந்தத் துதி இருக்கா?" என்று போதகர் கேட்டார். இல்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு மனுஷி வலியில் கதறியதைக் கேட்டுத்தான் ஒரு சபையே ஆசீர்வாதம் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறது.

"உங்களுக்கும் கேட்டுச்சுல்ல, அந்த மாசம் பூரா?" என்றாள் பெரியவள்.

"கேட்டுச்சு. நீ ஆமென் சொன்ன. சரி, துதிதான்னு நினைச்சேன்." குழாயை மூடினார். அவள் முகத்தைப் பார்க்காமல் திருத்திக்கொண்டார். "நினைச்சுக்கிட்டேன்."

நினைத்ததற்கும் நினைத்துக்கொண்டதற்கும் இடையில் அவர் அம்மாவின் முதுகுத் தோல் போயிருந்தது. இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கியவர்களை எல்லாம் கம்பி போட்டு வெளியே எடுக்கிறவர். அன்றைக்குத் தானே நடுவில் நின்றுகொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு அத்தையைத் திருப்பும்போது அவரைக் கூப்பிட்டாள். வந்து கால் பக்கம் பிடித்தார். மூக்கைச் சுளித்தார். அம்மா அவரைப் பார்த்து "தோத்திரம்" என்றாள். அவர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

"நான் வர்ற வரைக்கும் கூடவே இருங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் கிளம்பினாள்.

*

சபைக் கட்டடத்தின் கேட்டில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை. மூன்று மாதமாக இருவருக்கும் நடுவில் பேச்சு என்று இருந்தது அந்த ஒரு சொல்தான். சபை வாசலில் நாலு பேர் பார்க்க ஒருத்தி சொல்வாள், இன்னொருத்தி திருப்பிச் சொல்வாள், அதோடு சரி.

"தோத்திரம் அக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லவில்லை. "வந்து ரொம்ப நேரமாச்சா?" என்றாள்.

சின்னவள் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள்.

அதைப் பெரியவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரங்களைக் குறிக்கச் சின்னவள் கட்டம் போட்டுக் கொடுத்த தாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டம். பெரியவள் தன் முறை முடிகிற அன்று சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து, ஒரே பேனாவால், மாதம் முழுக்க ஒரே மூச்சில் டிக் அடித்தாள். எவ்வளவு பொறுப்பாகப் பார்த்திருக்கிறேன் பார் என்று மருந்துப் பையோடு அனுப்பியும் வைத்தாள்.

"முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் டிக் போட்டிருக்கீங்க" என்றாள் சின்னவள். "அந்த மாசத்துக்கு முப்பது நாள்தான்க்கா. இல்லாத நாள்ல பன்னெண்டு தடவை திருப்பியிருக்கீங்க."

பெரியவளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. "இது உன்கிட்ட இருந்தும்... போன ஞாயித்துக்கிழமை ஏன் காட்டல?"

"காட்டலாமான்னு ஜெபத்துல கேட்டேன். வேணாம்னு பதில் வந்துச்சு. இன்னிக்குக் காலையிலயும் கேட்டேன். வேணாம்னுதான் வந்துச்சு." சின்னவளின் மூக்கு விடைத்தது. "எனக்கு அதுல சம்மதமே இல்ல. ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன். உங்க மூஞ்சியில இதை விட்டெறியணும்னு ஏழு நாளா கை அரிக்குது. உங்களைப் பாத்தாலே அருவருப்பா இருக்கு. ஆனா சொன்ன சொல் கேக்கணும்ல? கேக்குறேன். பிடிங்க."

தாளைப் பெரியவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதைக் கிழித்துப் போட்டால் கேட்பதற்கு ஆள் கிடையாது. கேட்டுக்குப் பக்கத்திலேயே குப்பைத்தொட்டியும் இருந்தது. பெரியவள் அதைப் பார்க்கவும் பார்த்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

*

போதகரின் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நல்ல மனிதர், குரல் தேன். அந்தத் தேன் சில சமயம் திகட்டும்.

"ரெண்டு சகோதரிகளும் ஒண்ணா வந்திருக்கீங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. மன்னிப்புதான் பெரிசு. மத்ததெல்லாம் மனுஷக் காரியம். இல்லத்து வேலையைப் பத்தி என்ன நினைக்கிறேன்னா, ஜனங்க கொஞ்சம் பேசிக்கிறாங்க. ஒரு வருஷம் போகட்டும். அப்புறம் பாக்கலாம். என்னம்மா சொல்றே?" என்று சின்னவளைக் கேட்டார்.

சின்னவள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா" என்றாள் பெரியவள். தாளை மேஜையில் வைத்தாள். "புண்ணு என் வீட்டுல வந்தது. நான் திருப்பிப் படுக்க வைக்கல. திருப்பினேன்னு பொய்யா டிக் போட்டேன்."

"சகோதரி..."

"இருங்க ஐயா, நிறுத்தினா அப்புறம் எனக்கு வராது. விரிப்புல மஞ்சளா ஒரு வளையம் இருந்துச்சு. நாலு நாள் பழசுன்னு பாத்ததும் தெரிஞ்சுச்சு. என் தொழிலே அதான். நாலு நாளா விரிப்பைக் கூட நான் மாத்தலைன்னு அர்த்தம். அதைக் கொதிக்கிற தண்ணியில போட்டு வெளுத்து, மடிச்சு வச்சுட்டு, அத்தையை இவ வீட்டுக்கு அனுப்பினேன். புண்ணைக் கண்டுபிடிச்சது இவ. பாதி ஆத்துனதும் இவ. இவளைத்தான் நான் மன்னிச்சேன்னு சொன்னேன்."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"இன்னொண்ணு. அந்த ஆடியோவை நிறுத்தச் சொல்லுங்க. அது துதி இல்ல. எங்க அத்தை என்னைக் கூப்பிட்டாங்க. நான் போகல."

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மறுநாள் ஆராதனைக்கு ஏற்பாடு. போதகரின் முகத்தில் முதலில் அதிர்ச்சி வந்தது, அப்புறம் வருத்தம் வந்தது, அதற்கப்புறம் வந்ததைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம். கணக்குப் போட ஆரம்பித்தார்.

"நீ அறிக்கை பண்ணிட்டே. ஆண்டவர் மன்னிப்பார். வேலையை இவளுக்கே கொடுத்துரலாம், நான் பேசிக்கிறேன். இது இந்த அறைக்குள்ளயே முடியட்டும். ஆடியோவைப் பத்தியெல்லாம் ஜனங்ககிட்ட எதுக்கு? அவங்க விசுவாசம் இடறிப் போகும்."

எவ்வளவு சுகமான வாசல்! பெரியவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. வேலை கிடைத்துவிட்டது, உண்மையும் சொல்லியாயிற்று, நாளைக்குத் தலை நிமிர்ந்து வந்து அதே இடத்தில் உட்காரலாம். வீட்டுக்காரரும் திட்ட மாட்டார். நன்றி ஐயா என்று எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் இன்னும் மேஜை விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்தவளின் முகமாக அது இல்லை. முன்னூறு பேர் முன்னால் தலை குனிந்த அதே குனிவு அப்படியே இருந்தது. ஓர் அறைக்குள் நிமிர்த்திவிடக்கூடிய தலை இல்லை அது.

பெரியவள் எழுந்திருக்கவில்லை.

"எழுந்து நின்னு சொன்னதை எழுந்து நின்னுதான் ஐயா திருப்பி எடுக்கணும். நாளைக்குச் சாட்சி நேரத்துல எனக்கு மைக் வேணும்."

"நாளைக்கா? நாளைக்குப் பட்டியல் நிறைஞ்சிருச்சேம்மா. நேரமே இல்ல."

"மன்னிச்சேன்னு சொல்ல வந்தப்போ நேரம் இருந்துச்சே ஐயா?"

போதகர் மேஜையில் கிடந்த தாளை எடுத்தார். அதைத் திருப்பித் தரவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். "ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

*

வெளியே வந்தபோது மணி நாலே முக்கால். வெயில் இன்னும் இறங்கவில்லை. கேட்டுவரை இருவரும் நடந்தார்கள்.

"என்னை மன்னிச்சிரு" என்றாள் பெரியவள். இந்தச் சொல்லை வாங்குகிற பக்கத்திலிருந்து அவள் சொல்வது இதுதான் முதல் தடவை. அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சின்னவள் நின்றாள். முகத்தில் இரக்கம் எதுவும் தெரியவில்லை.

"இன்னிக்கு என்கிட்ட அது இல்லக்கா. இருந்தா குடுத்துருவேன், வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்ல மாட்டேன். அத்தையைக் கடைசியா எப்போ திருப்பினீங்க?"

"ரெண்டு மணிக்கு. அவரு இருக்காரு வீட்டுல."

"அவருக்குத் தனியா தூக்கத் தெரியாது. இழுத்துருவாரு."

சொல்லிவிட்டுச் சின்னவள் தெருவைக் கடந்தாள். அவள் வீடு இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள். பெரியவள் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போய் அவள் கையைப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

சின்னவள் கையை உதறவில்லை, ஆனால் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நான் இன்னும் மன்னிக்கலக்கா. திருப்பத்தான் வர்றேன். வேகமா நடங்க."